‘எப்போ நிறுத்துவீங்க?’ என்றும் கேளுங்கள்

ஊட்டியில் ஐசியூ நர்ஸாக இருப்பதால் சொல்கிறேன். கூடலூர், மஞ்சூர் என்று எங்கிருந்து ஆம்புலன்ஸ் வந்தாலும், குரங்குக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் டாக்டரிடம் சொல்வது ஒன்றுதான்: "இருக்கறதுலயே பவரான ஆன்டிபயாடிக் போடுங்க சார்."

தப்பில்லை. செப்சிஸில், அதாவது கிருமித் தொற்று உடல் முழுவதையும் பாதித்து, ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். எந்தக் கிருமி என்று அப்போது தெரியாது, பலவற்றையும் அடிக்கும் மருந்தாகத்தான் போட முடியும். ஆனால் இரண்டு மூன்று நாளில், எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்த பிறகும் காரணமில்லாமல் அதே மருந்து ஓடுவதுதான் எனக்கு உறுத்தல்.

நுரையீரலில் உள்ள கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து, குடலில் நம்மோடு வாழும் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறது. காலியான இடத்தில் மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியா, கேண்டிடா பூஞ்சை எல்லாம் பெருகும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா வந்துவிட்டாலோ பேதி நிற்காது. விரிப்பை மாற்றிவிட்டுக் கையுறையைக் கழற்றுவதற்குள் மறுபடியும் போயிருக்கும். கட்டிலில் மாட்டியிருக்கும் சானிடைசர் அதன் வித்துகளை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரைப்பையின் கதை வேறு. அமிலம் இருக்கும்வரை அங்கே அதிகக் கிருமி பிழைக்காது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியாமலிருக்க, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போடுகிறோம்; ‘கேஸ் மருந்து’ என்பீர்களே, அதுதான். தேவையானதுதான். ஆனால் அமிலம் குறைந்தால் கிருமி பெருகும், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயை ஒட்டி மேலேறித் தொண்டை வழியாக நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும். தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைப்பது அதற்காகவும்தான். "அப்பாவை நல்லா படுக்க வையுங்க சிஸ்டர்" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தயிர் கொடுத்தால் சரியாகாதா என்பார்கள். வீட்டில் தாராளமாகச் சாப்பிடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு புரோபயாடிக், அதாவது தயிரில் இருப்பது போன்ற ‘நல்ல’ பாக்டீரியா, கொடுத்தால் நிமோனியா குறையுமா என்று கனடா, அமெரிக்கா, சவுதி ஐசியூக்களில் 2,650 பேரிடம் பார்த்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். குறையவில்லை. சிலருக்கு அந்த ‘நல்ல’ பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொல்லை கொடுத்தது.

ஆகவே பவரான மருந்து கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "கல்ச்சர்ல என்ன வந்திருக்கு? மருந்தை எப்போ குறைப்பீங்க, எப்போ நிறுத்துவீங்க? கேஸ் மருந்து இன்னும் வேணுமா?" நல்ல டாக்டர் முகம் சுளிக்க மாட்டார். அப்புறம், சளிக்கு என்று சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போட்ட சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டோம்.