படத்துக்கு மார்க் போடாதீங்க, பிள்ளை எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு பாருங்க

பருவம் முடியப் போகுதுன்னா ஓவியத்துக்கு கிரேடு போடுற ரெஜிஸ்டர் வரும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு சொல்லுவாங்க. பேர் வரிசையில ஏ, ஏ, பி, ஏ-ன்னு இறக்க வேண்டியதுதான். நல்லா வரையுற நாலு முகம் ஞாபகத்துல இருக்கும், சேட்டை பண்ற நாலு முகம் ஞாபகத்துல இருக்கும், நடுவுல உக்காந்திருக்குற அத்தனை பிள்ளைக்கும் பி. வருஷம் பூரா அந்தப் பிள்ளை என்ன கத்துக்கிச்சுன்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இருக்காது. கணக்குல இப்படி கண்ணை மூடிக்கிட்டு கிரேடு போட்டா அடுத்த நாளே அப்பா அம்மா வந்து நிப்பாங்க, ஓவியம்னா யாரும் ஏன்னு கூட கேக்கறதில்ல.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில ஓவியம் சொல்லிக் குடுக்குற பகுதிநேர ஆசிரியை. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். முடிஞ்ச படம் அழகா இருக்கா இல்லையான்னு பார்த்து மார்க் போடுறதை நிறுத்தணும். அதே பிள்ளை ஜூன்ல வரைஞ்சதையும் இப்ப வரைஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல என்ன நடந்திருக்குன்னு பார்த்து எழுதணும். அங்கன்வாடியில மாசாமாசம் எடை போட்டு கார்டுல புள்ளி வைப்பாங்க இல்லையா, போன மாசப் புள்ளியில இருந்து கோடு ஏறியிருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாங்க, அந்த மாதிரி.

ஏன் சொல்றேன்னா, எல்லா வகுப்புலயும் ஒரு ரெண்டு மலை பையன் இருப்பான். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரத்துல குடிசை, சாஞ்ச தென்னை மரம், மேல நாலு பறவை. சுத்தமா வரைவான், கலர் வெளிய போகாது, பார்டர் ஸ்கேல் வச்சுப் போட்டிருப்பான். ஏ கிரேடு. ஆனா அவனோட ஜூன் மாசப் படத்தையும் மார்ச் மாசப் படத்தையும் மாத்தி வச்சா உங்களால கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் ஒண்ணுதான், மூணாவது படிக்கும்போது அண்ணன் சொல்லிக் குடுத்ததை அப்படியே வச்சிருக்கான். எங்க ஊரைச் சுத்தி கண்ணுக்கெட்டுற தூரம் மலையே கிடையாது.

அதே வகுப்புல ஒரு பொண்ணு. ஏழாவது. ஆள் வரையச் சொன்னா எல்லா ஆளும் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு நிக்கும், இல்லைன்னா பாக்கெட்டுல கை விட்டிருக்கும், இல்லைன்னா முன்னாடி ஒரு செடி வந்து கையை மறைச்சிருக்கும். கை வரைய வராது, அதுக்கு அவ்ளோ வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தா. மூணாம் பருவத்துல ஒரு நாள் அவங்க அம்மா பூ கட்டுறதை வரைஞ்சிட்டு வந்தா. படம் முழுக்க கைதான். விரல் எல்லாம் கத்திரிக்காய் கணக்கா குண்டு குண்டா இருக்கு, ஒரு கையில ஆறு விரல், அழிச்சு அழிச்சு ஒரு இடத்துல பேப்பரே கிழிஞ்சு போச்சு. ஆனா நார் எந்த விரல்ல சுத்தியிருக்கு, எந்த ரெண்டு விரல் பூ காம்பைப் பிடிச்சிருக்குன்னு சரியா இருக்கு. உக்காந்து பார்த்து வரைஞ்சாதான் அது தெரியும். படத்தை மட்டும் பார்த்தா சி. அந்த வருஷம் என் வகுப்புலயே அதிக தூரம் வந்தது அவதான். இதை ஏ, பி, சி-ங்கிற ஒத்தை எழுத்துல எப்படி எழுதுவீங்க சொல்லுங்க.

எண்ணிப் பார்த்து மார்க் போடுற பழக்கம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1926லயே அமெரிக்காவுல ஃப்ளாரன்ஸ் குட்இனஃப்னு ஒரு உளவியலாளர் குழந்தைங்களை ஒரு ஆள் வரையச் சொல்லி, கண்ணு இருக்கா, கழுத்து இருக்கா, விரல் எண்ணிக்கை சரியா இருக்கான்னு 51 அம்சம் பார்த்து புள்ளி குடுத்தாங்க. அது அறிவுத்திறனை அளக்கச் செஞ்ச டெஸ்ட், ஓவியத்தை அளக்க இல்ல. ஆனா அந்தக் கண்ணோட பார்க்குற பழக்கம் நம்ம ஸ்கூல்லயும் இருக்குன்னு எனக்குத் தோணுது. ஆறு விரல் போட்ட அந்தப் பொண்ணோட படத்துக்கு அதுல விரல் புள்ளி போயிடும், முன்னாடி கையை மறைச்சு வரைஞ்ச படத்துக்கும் போயிடும், ரெண்டு படமும் ஒண்ணுன்னு ஆயிடும்.

அதுக்கு அப்புறம் வந்த கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947ல சொன்ன விஷயம்தான் எனக்கு வகுப்புல தினமும் உதவுது. பிள்ளைங்க வரையறது கட்டம் கட்டமா வளருது, கிறுக்குறதுல ஆரம்பிச்சு ஏழு எட்டு வயசுல தனக்குன்னு ஒரு ஆள், ஒரு மரம், ஒரு வீடுன்னு வடிவம் வச்சிருக்கும், அப்புறம் பார்க்குற மாதிரியே வரணும்னு ஆசை வரும்னு சொன்னார். தெப்பக்குளம் வரையச் சொல்லிப் பாருங்க மூணாவது பிள்ளைங்களை. நடுவுல சதுரமா தண்ணி, நாலு பக்கமும் படிக்கட்டு வெளிப்பக்கமா விரிஞ்சு படுத்திருக்கும், மேல இருக்குற மரம் நேரா, கீழ இருக்குற மரம் தலைகீழா, பக்கத்து மரம் ரெண்டும் படுத்த வாக்குல. தப்பா வரைஞ்சிருக்கேன்னு பெரியவங்க பேப்பரைத் திருப்பிக் குடுப்பாங்க. தப்பே இல்லைங்க அது. குளத்தைச் சுத்தி நடந்து நாலு பக்கமும் நின்னு பார்த்ததை ஒரே பேப்பர்ல கொண்டு வந்திருக்கு அந்தப் பிள்ளை. அந்த வயசுல அது சரியான இடம். எட்டாவதுலயும் அப்படியே இருந்தா அப்பதான் நாம ஏன்னு யோசிக்கணும். இந்த வரிசை தெரியாம கிரேடு போடுறவங்க கைல சிவப்பு பேனாவே குடுக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

சிவப்பு பேனான்னதும் ஞாபகம் வந்துச்சு, தயவு செஞ்சு படத்து மேலயே டிக் போட்டு கையெழுத்து போடாதீங்க. பின்னாடி எழுதுங்க. பிள்ளை வானம்னு நினைச்சு விட்ட இடம் அது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப வலிக்கும். நம்ம அரசு 1, 2-ம் வகுப்புக்கு க்ரேயான் குடுக்குது, 3ல இருந்து 5 வரைக்கும் கலர் பென்சில் குடுக்குது, நல்ல விஷயம். ஆறாவது வந்தா ஜாமெட்ரி பாக்ஸ். கலர் நின்னு போச்சு. பதினொண்ணு பன்னெண்டு வயசுலதான் பிள்ளைங்க தன் படத்தைப் பார்த்து தானே வெறுக்க ஆரம்பிக்கும், "எனக்கு வரைய வராது மிஸ்"-ங்கிற வார்த்தை ஆறாவதுலதான் நிறைய கேக்கும். கண்ணு முன்னாடி ஓடுது, கை பின்னாடி நிக்குது, அந்த இடைவெளியில பிள்ளை தவிக்குது. அந்த நேரம் பார்த்து கலரையும் எடுத்துட்டு, படத்துக்குக் கீழ ஒரு சி-யும் போட்டுட்டா அந்தப் பிள்ளை அதோட வரையறதையே விட்டுடும். பெரியவங்ககிட்ட கேளுங்க, கடைசியா எப்ப வரைஞ்சீங்கன்னு, நிறைய பேர் சொல்ற வயசு அதுதான்.

"அப்ப மார்க்கே வேணாம், கலை சுதந்திரமா இருக்கட்டும்"னு சிலர் சொல்றாங்க. அதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன். பத்தாவது பொதுத்தேர்வுல அஞ்சு பாடம், 500 மார்க், அதுல ஓவியம் கிடையாது, அதனாலதான் ஜனவரி வந்தா என் பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போயிடுது. 2005 தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு, அதாவது பள்ளியில என்னென்ன சொல்லிக் குடுக்கணும்னு வழிகாட்டுற தேசிய ஆவணம், பத்தாம் வகுப்பு வரைக்கும் கலைக்கல்வி கட்டாயமா இருக்கணும்னு சொல்லுச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டம் நூறு பிள்ளைங்களுக்கு மேல இருக்குற நடுநிலை வகுப்புகளுக்கு கலைக்கு பகுதிநேர ஆசிரியர் வேணும்னு அட்டவணையிலேயே எழுதி வச்சிருக்கு. அதை வச்சுத்தான் 2012ல தமிழ்நாட்டுல ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் எல்லாம் சேர்த்து 16,549 பேரை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க, வாரம் மூணு அரைநாள். நிரந்தரம் பண்ணுங்கன்னு அப்போதுல இருந்து கேட்டுட்டே இருக்கோம், அது தனிப் பதிவா எழுத வேண்டிய கதை. மதிப்பீடே வேணாம்னு விட்டா இருக்குற கொஞ்ச மரியாதையும் போயிடும். மதிப்பீடு வேணும், ஆனா அந்தப் பாடத்துக்கு ஏத்த மதிப்பீடு வேணும்.

2012-13ல முப்பருவ முறை வந்தப்போ எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 60 மார்க் தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவக் கடைசிப் பரீட்சை, 40 மார்க் வளரறி மதிப்பீடு, வளரறியில பிள்ளைங்க செய்யுறதைப் பார்த்துப் பார்த்து மார்க் போடணும்னு சொன்னாங்க. எண்ணம் தங்கமான எண்ணம். ஓவியம் அதுல கல்வி இணைச் செயல்பாடுன்னு தனியா போய் கிரேடா நின்னுடுச்சு, மத்த பாடத்துல வளரறி மதிப்பீடுன்னா வீட்ல அம்மாவும் அக்காவும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சார்ட் வெட்டி ஒட்டுறதா மாறிடுச்சு, ஜெராக்ஸ் கடையிலயே ப்ராஜெக்ட் செஞ்சு விக்கிறாங்க. பிள்ளை கை படாத வேலைக்கு முழு மார்க், பிள்ளை மட்டுமே செஞ்ச கோணல் வேலைக்குப் பாதி மார்க். அதனாலதான் என் வகுப்புல வீட்டு வேலையே கிடையாது, எல்லாம் கண்ணு முன்னாடி.

சரி எப்படித்தான் பண்றதுன்னு கேப்பீங்க. பெரிய விஷயம் எதுவும் இல்ல. பழைய சார்ட்டை ரெண்டா மடிச்சு ஆளுக்கு ஒரு ஃபைல். வருஷத்துக்கு மூணு தடவை ஒரே தலைப்பு, "எங்க வீட்ல ஒருத்தர் வேலை செய்யுறார்", அவ்ளோதான். தேதி போட்டு உள்ள போயிடும். மத்த நாள் வரையறது எல்லாம் பிள்ளை வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம். கரையான் பயம் இருக்குற ஸ்கூல்ல போன்ல போட்டோ எடுத்து வகுப்பு வாரியா போட்டு வைங்க. மார்ச்சுல மூணையும் தரையில வரிசையா வச்சு பிள்ளையைக் கூப்பிட்டு உக்கார வச்சு எது கஷ்டமா இருந்துச்சு, எதை மாத்தினேன்னு கேளுங்க. ரெண்டே நிமிஷம். அந்தத் தலைப்புக்கும் மலையையே வரைஞ்ச ரெண்டு மலை பையன்கிட்ட கேட்டா கொஞ்ச நேரம் பார்த்துட்டு "மூணும் ஒண்ணா இருக்கு மிஸ்"னு அவனே சொல்லிட்டான், நான் ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த வாரம் அவங்க அப்பா பஞ்சர் ஒட்டுற கடையை வரைஞ்சான். டயர் முட்டை மாதிரி வந்திருந்துச்சு, சைக்கிள் ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

பார்க்க வேண்டியதுன்னு நான் வச்சிருக்குறது, பிள்ளை தானா எதை வரையணும்னு முடிவு பண்ணுதா, நேர்ல பார்த்து வரையுதா, பிரஷ்ல எவ்ளோ தண்ணின்னு கைக்குத் தெரியுதா, கெட்டுப்போனா கிழிச்சுப் போடாம திரும்ப முயற்சி பண்ணுதா. ரெஜிஸ்டர்ல பிள்ளைக்கு ஒரு வரி. "கையை மறைக்காமல் வரையத் தொடங்கிவிட்டாள், அடுத்து ஆட்களைப் பல பக்கமிருந்து பார்க்க வேண்டும்." ஒரு வரி எழுத எவ்ளோ நேரம் ஆயிடும்? பிள்ளைங்க நிறைய இருந்தா ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்புன்னு பிரிச்சுக்கோங்க.

டிசைனும் அப்படித்தான். புக்ல இருக்குற பார்டரை கட்டம் போட்டு காப்பி அடிச்சா அது பொறுமைக்கான பயிற்சி, அவ்ளோதான். கோலம் போடத் தெரிஞ்ச பிள்ளைங்க வகுப்புல பாதி பேர் இருப்பாங்க, அவங்களுக்கு தெரியாத புள்ளிக் கணக்கு ஒண்ணு குடுத்து, கோடு விட்டுப் போகாம எல்லாப் புள்ளியையும் சுத்தி வர சிக்குக் கோலம் ஒண்ணை நீயே கண்டுபிடின்னு விடுங்க. எங்க மாட்டுது, எங்க திரும்பி வருது, எத்தனை தடவை அழிக்குதுன்னு பக்கத்துல நின்னு பாருங்க. பசங்களையும் போட விடுங்க, சில பசங்க கணக்குல சொதப்புவாங்க, இதுல பின்னி எடுப்பாங்க.

2022ல இருந்து கலைத் திருவிழா நடக்குது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு. எங்க பிள்ளைங்க மேடை ஏறுறதைப் பார்க்க நல்லா இருக்கு, கண்டிப்பா நடக்கணும். ஆனா போட்டி நல்லா வரையுற ஒருத்தரைத் தேடிப் பிடிக்கும். மீதி முப்பத்தொன்பது பேரைப் பார்க்குற வேலை வகுப்பு ஆசிரியரோடது, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு "உங்க ஸ்கூல் எத்தனை பரிசு"ன்னு மட்டும் கேக்குறவங்ககிட்ட தயவு செஞ்சு அந்த முப்பத்தொன்பது ஃபைலையும் காட்டுங்க.

பெற்றோருக்கும் ஒண்ணு சொல்றேன். வீட்ல பழைய ட்ராயிங் நோட்டு இருந்தா பழைய பேப்பர்காரருக்குப் போடாதீங்க. முதல் பக்கத்துல தேதி எழுதி அலமாரியில வைங்க. ஓவிய ஆசிரியர் நண்பர்கள் நீங்க எப்படி ரெக்கார்ட் வைக்கிறீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, போட்டோ போட்டா பிள்ளை பேரை மறைச்சுட்டுப் போடுங்க. ஃபைல் வைக்க இடமே இல்லாத ஸ்கூல்ல என்ன பண்றீங்கன்னு யாராவது எழுதினா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்.