சிங்கப்பூர் போன கதை

ஏப்ரல் லீவுக்கு நாங்கள் நால்வரும் சிங்கப்பூர் போகலாம் என்று ஜனவரியிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரே ஆரவாரம். டியூஷன் கொடுத்துச் சேர்த்த சல்லியை எல்லாம் ஒதுக்கி வைத்திருந்தேன். டிக்கட் போடும் நாளில்தான் ஒரு மகராசன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்கிறான்: ஜூலையில் முடிகிறது! குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான். அந்தக் கட்டைவிரலை... சரி, வேண்டாம். அவனை விட்டுவிட்டுப் போக மற்ற இருவருக்கும் மனசு வரவில்லையாம்.

இப்போது நுவரெலியா சீசன் நெரிசலில், கிரகரி வாவிப் பக்கம், அசையாத வேனுக்குள் நால்வரும் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால், பின்னால் எல்லாம் கொழும்புக் கார்கள். அவித்த சோளம் அவன்தான் வாங்கித் தந்தான். அதிலும் உப்பு இல்லை.