ஏழு பிழைகளும் எனக்குத் தெரிந்தவை

ஏழு பொத்தான்கள் கொண்ட ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. பாகங்களை இணைக்கும் செம்புத் தடங்கள் ஒரு பக்கம் மட்டும். வரைந்து முடித்து, வரைபட மென்பொருளின் பிழைச் சோதனையான டிஆர்சியை ஓட்டினால் 'இணைக்கப்படாதவை: 7' என்று வரும். வரட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஏழும் எனக்குத் தெரிந்தவை, நானே வேண்டுமென்று விட்டவை.

நான்கு கால் டாக்ட் சுவிட்சை, அதாவது அந்தச் சிறு அழுத்துப் பொத்தானைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். 6 மி.மீ. சதுரப் பொத்தானுக்கு நான்கு கால்கள் இருந்தாலும் மின்சாரத்தின் கணக்கில் இரண்டுதான். வழக்கமாகக் கிடைக்கும் வகையில், 6.5 மி.மீ. தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு கால்களும் உள்ளே ஒரே தகடு. 4.5 மி.மீ. தள்ளிப் பக்கத்தில் நிற்கும் காலோடு சேருவது அழுத்தும்போது மட்டும். (இதைத் தெரியாமல் பொத்தானை 90 பாகை திருப்பி வைத்து, எப்போதும் அழுத்தியபடியே இருக்கும் போர்டைச் செய்யாதவர்கள் கை தூக்கலாம்.) ஒரு பக்கப் போர்டில் இது பெரிய வசதி. எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான கிரவுண்டின் தடம் ஒரு காலில் நுழைந்து, பொத்தானின் உடலுக்குள்ளேயே கடந்து, எதிர்க்காலில் வெளியே வந்து அடுத்த பொத்தானுக்குப் போகும். நடுவில் கிடைத்த இடைவெளியில் சிக்னல் தடம் நழுவிப் போய்விடும். தடத்தைத் தாண்டிப் போக ஜம்பர் கம்பி போடும் வேலை மிச்சம்.

ஆனால் பொத்தானின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒரே நெட்டில் (ஒன்றாக இணைய வேண்டிய புள்ளிகளின் தொகுதியில்) இரண்டு பேட் (கால்களைப் பற்றவைக்கும் செம்புப் புள்ளி), நடுவே செம்பு இல்லை, ஆகவே பிழை. பொத்தானுக்கு ஒன்று வீதம் ஏழு.

கடைசி நாளில் மைக்ரோகன்ட்ரோலரைச் சற்று நகர்த்தினேன். நான்காவது பொத்தானின் அடியில் இடம் கிடைத்தது. அழகுக்காக அங்கே கிரவுண்டைச் செம்பிலேயே இணைத்தேன். டிஆர்சி மறுபடியும் ஏழு என்றது. திருப்தியாக அனுப்பிவிட்டேன். ஒன்று குறைந்திருந்தால் ஆறுதானே வரவேண்டும் என்று அந்த இரவில் எனக்குத் தோன்றவே இல்லை. போர்டுகள் வந்தன, பொத்தான்கள் எல்லாம் வேலை செய்தன, ஒலி எழுப்பும் பஸர் மட்டும் ஊமையாக இருந்தது. இரண்டு இரவுகள் நிரலில் பிழை தேடினேன். மூன்றாம் நாள்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். பஸரை இயக்கும் டிரான்சிஸ்டரின் எமிட்டர் கால், கிரவுண்டுக்குப் போக வேண்டியது, எதிலும் சேராமல் தனியே நின்றது. நகர்த்தியபோது அறுந்த தடம். நான் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், பட்டியலைப் படிக்கவில்லை.

நண்பர்கள் மென்பொருளைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'உள்ளே இணைந்த கால்கள்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது உண்மையில் பல வேறு சங்கதிகள். எது எது என்று சொல்ல வேண்டியது பாகத்தை வரைகிற நாம்தான்.

பொத்தான் ஒரு வகை, ஒரே உலோகம். மின்னழுத்தத்தைச் சீராக்கும் 1117 ரெகுலேட்டரின் அகன்ற தகடும் நடுக்காலும் இதே போலத்தான், இரண்டும் வெளியீடு. இன்னொரு ரெகுலேட்டரான 7805இன் தகடு கிரவுண்ட் என்று பழகிய கை, இதையும் கிரவுண்டில் ஒட்டப் பார்க்கும். எட்டுக் கால் பவர் மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் டிரான்சிஸ்டர்கள்) பலவற்றில் ஒரு பக்கத்து நான்கு கால்களும் டிரெயின் என்ற ஒரே முனை. அவை உள்ளே ஒன்றுதான் என்று ஒரு காலுக்கு மட்டும் தடம் இழுத்தால் மின்னோட்டத்துக்கும் வெப்பத்துக்கும் வழி குறுகிவிடும்.

சிப்பின் மின்வழங்கல் கால்கள் வேறு வகை. 32 கால் ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலரில் 4, 6 இரண்டும் விசிசி, அதாவது மின்சாரம் நுழையும் கால்கள். 3, 5, 21 மூன்றும் கிரவுண்ட். மீட்டரை வைத்தால் கிரவுண்ட் கால்களுக்கு இடையே பீப் ஒலிக்கும். அதை நம்பி ஒன்றை வெட்டிவிடக் கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய பிணைப்புக் கம்பிகளும் சிலிக்கான் மேல் படிந்த உலோகமும், போர்டின் மின்னோட்டத்தைச் சுமக்கும் பாலமன்று. எல்லாவற்றையும் வெளியே இணைக்கச் சொல்கிறது டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரத்தாள். இங்கே மென்பொருளை வாயடைப்பது அறிவீனம்.

அடாப்டர் பிளக்கைச் செருகும் டிசி ஜாக்கின் மூன்றாவது கால் இன்னும் வேடிக்கை. பிளக் செருகாதபோது கிரவுண்டோடு சேர்ந்திருக்கும், செருகியதும் பிரிந்துவிடும். அதை எப்போதும் இணைந்தது என்று எழுதினால் பொய், இணையாதது என்று எழுதினாலும் பொய். யுஎஸ்பி-சியில் கதை தலைகீழ். ஏ6, பி6 என்ற தரவுக் கால்கள் இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் அவற்றை நாம்தான் போர்டில் சேர்க்க வேண்டும். விட்டால் கேபிளை ஒரு பக்கம் செருகும்போது மட்டும் தரவு போகும், திருப்பினால் போகாது. போதாக்குறைக்கு, சில டேட்டாஷீட்டுகளில் ஒரு காலின் அருகே 'உள்ளே இணைக்கப்பட்டது' என்றே அச்சிட்டிருப்பார்கள். பல இடங்களில் அதற்குப் பொருள், சும்மா விட்டுவிடு என்பதுதான்.

போர்டு வரையும் மென்பொருள்களும் இந்தச் சிக்கலை அறியாதவை அல்ல. ஈகிளில் ஒரு பின்னுக்கு (வரைபடத்தில் உள்ள காலுக்கு) பல பேட்களைக் கொடுத்து, அவற்றில் ஏதாவது ஒன்றை இணைத்தால் போதுமா, எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அல்டியத்தில் பேட்களுக்கு ஒரே ஜம்பர் எண் கொடுத்தால், ஒரே நெட்டில் இருக்கும்வரை அவை இணைந்தவையாகக் கொள்ளப்படும். கிகேட் இதற்கு நெடுங்காலம் வழி தராமலிருந்து, அண்மைப் பதிப்பில்தான் ஜம்பர் பேட் குழுவைக் கொண்டுவந்திருக்கிறது. அதுவரை பலரும் செய்தது நான் செய்ததைத்தான், பிழையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவது.

என் கட்சி இது. உள்ளிணைப்பைப் பாகங்களின் லைப்ரரியில், ஃபுட்பிரிண்டிலேயே (பாகத்தின் பேட்கள் அமைந்த வரைபடத்திலேயே) எழுதுங்கள். போர்டு கோப்பில், இந்தப் பிழையைப் பொருட்படுத்தாதே என்ற விலக்காக எழுதாதீர்கள். நான்கு கால்களுக்கும் தனித்தனி எண் கொடுங்கள், 1, 2 ஒரு குழு, 3, 4 ஒரு குழு என்று. இரண்டு பக்கச் செம்பு இருந்தால் உள்ளிணைப்பை மறந்துவிட்டுத் தடம் இழுங்கள். பொத்தான் வழியே கிரவுண்டை ஓட்டினால் பொத்தானும் கம்பியாகிவிடுகிறது. ஒரு சால்டர் விரிசல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் சாகும். மலிவான மாடலுக்காக யாராவது மூன்றாவது பொத்தானைப் பொருத்தாமல் விட்டாலும் அதே கதி. பாகங்களை வாங்குகிறவருக்கு 'இது வெறும் பொத்தான் அல்ல' என்று யார் சொல்வது?

போன வாரம் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். லைப்ரரியில் பொத்தானைத் திருத்தினேன், ஃபுட்பிரிண்டுகளைப் புதுப்பித்தேன், டிஆர்சி ஓட்டினேன்.

'இணைக்கப்படாதவை: 1' என்று வந்தது.