ஹார்மோன் ஊசியைத் தேடுகிறவர்களுக்கு

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஐயாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையில் ஆளும் காசும் இருக்கிறது? ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோவைத் தாண்டுவதற்கு இனத்தேர்வும் தீவனமும் போதும். இல்லாத ஊசிக்கு அஞ்சிக்கொண்டு, இருக்கிற ஆபத்தைப் பேசாமலே விட்டுவிட்டோம். ஆன்டிபயாடிக்கைச் சொல்கிறேன்.

கொலிஸ்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் ஒருகாலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து. வேறெதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் ஐசியூக்களில் பெருகியபோது, வேறு வழியின்றி அதையே மறுபடி கையில் எடுத்தார்கள். அதே கொலிஸ்டின்தான் எடை கூடுவதற்காகத் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. 2015இல் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். கொலிஸ்டினைச் செல்லாக்காசாக்கும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் கூடியது. கொலிஸ்டினை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு அதை விற்க இந்தியாவில் 2019 ஜூலையில் தடை வந்தது. நல்லது. ஆனால் அந்தத் தடையால் போனது ஒரு மருந்துதான், பழக்கம் போகவில்லை.

நாலு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டால் மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுவார்கள். கோழிகள் கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய் வழியாக அது கொட்டகை முழுவதற்கும் போகும். சுணங்கிய குஞ்சு தண்ணீர்ப் பக்கமே சரியாக வராது. திடமாக இருப்பது வயிறு முட்டக் குடிக்கும். நோயுள்ளதற்கு அரைகுறை மருந்து, நோயில்லாததற்கு முழு மருந்து. கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

வேகவைத்தால் செத்துவிடுமே என்பார்கள். செத்துவிடும். ஆனால் கறி வெட்டும் கட்டையையும், கழுவிய தண்ணீரையும், கடைக்காரரின் கையையும், லாரியில் ஏறி வயலுக்குப் போகும் கோழி எருவையும் யார் வேகவைக்கிறார்கள்?

பல்லடம் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைக்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருவது. கொட்டகையும் உழைப்பும் அவருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி வாங்குகிறார். மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவருக்கே உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். தீவன மூட்டையில் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் அச்சடிப்பது அப்படி என்ன பெரிய காரியம்?

டென்மார்க் 1995இலேயே, கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்ப்பதற்குக் கடிவாளம் போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதையும் கைவிட்டது. அங்கே பன்றி வளர்ப்பு ஒன்றும் நொடித்துப்போய்விடவில்லை. நம் ஊர் ஒப்பந்தப் பண்ணையிலோ மருந்து எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பதும் மருந்தை அனுப்புவதும் பெரும்பாலும் ஒரே கம்பெனி. சட்டம் முதலில் கைவைக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.