லேசு மாமா, கால் பட்டனை மட்டும் அமத்துங்க

சொன்னது யாரு? தங்கச்சிட மகன். ஆறாம் ஆண்டு படிக்கிறான். வாய் நிறைய மிக்சர்.

டெக்கன் எண்ட சண்டை வீடியோ கேம்ல நான் எப்பவும் எடுக்கிற ஆள் கசுயா. டெக்கன் 8 வாங்கின நாள்ல இருந்து அந்த மனிசன்ட ‘எலெக்ட்ரிக்’ குத்தைத்தான் படிக்கிறன். முன்னுக்குத் தட்டி, விட்டு, கீழ அமத்தி, முன்மூலைக்குச் சரியிற அதே ஃபிரேம்ல வலக்கை. ஒரு செக்கனை 60ஆப் பிச்சா அதுல ஒண்டுதான் ஃபிரேம். அதுக்குள்ள விரல் விழணும். பெருவிரல் தோல் உரிஞ்சு, வேலைக்குப் போய் மவுஸ் பிடிக்க ஏலாமக் கிடக்கன்.

மருமகன் எடுத்தது எட்டி எண்ட ஆளை. வேற யாரை எடுப்பான்? 1997ல டெக்கன் 3ல வந்து இறங்கின நாள்ல இருந்து, கண்ணை மூடிட்டு பட்டன் நசுக்கிறவங்களுக்கெண்டே அவதரிச்ச பாவி.

கடைசி ரவுண்ட். அவனுக்கு உயிர் ஒரு நூல்தான். தட்டினா விழுவான். கால் வீசுறான், தடுத்தன். திரும்ப வீசுறான், தடுத்தன். எட்டி தலைகீழா நிண்டு சுத்துறான். இது முடிஞ்சா என்ட முறை எண்டு பாத்துக்கொண்டு நிக்கன், முடியுதில்ல, இன்னொண்டு வருது. குனிஞ்சன், மேல வந்திச்சு. நிமிந்தன், கீழ வந்திச்சு. பொறு, இப்ப பாரு எலெக்ட்ரிக்! முன்னுக்கு, விட்டு, கீழ, மூலை... கசுயா வடிவாக் குனிஞ்சு, ஓரடி முன்னுக்குப் போய், தன்ட மூஞ்சிய எட்டிட குதிக்காலுக்கு நேராக் கொண்டுபோய்க் குடுத்தான். கே.ஓ. போதாததுக்கு மறுகா அதை மெதுவாப் போட்டு வேற காட்டினாங்க, என்ட கேவலத்தை ஊர் வடிவாப் பாக்கட்டும் எண்டு.

“என்ன மனே அமத்தினாய்?”

“தெரியா மாமா.”

தெரியாதாம்!

கல்முனையில கேம் விக்கிற தம்பிக்கிட்டச் சொன்னா, “விளையாட விளையாடத்தான் வரும் அண்ணே, லாகூர்ல இருந்து டெக்கன் சாம்பியன் அர்ஸ்லான் ஆஷ் வரல்லையா?” எண்டு கேக்கான். வந்தார்தான். ஈவோ எண்டா சண்டைக் கேமுக்குப் பெரிய போட்டி. 2019ல ஜப்பான் ஈவோ, லாஸ் வேகாஸ் ஈவோ ரெண்டையும் ஒரே வருஷத்துல அள்ளினார்தான். அவருக்குச் சுத்திவரக் கேம் கடை, கடை நிறையக் கெட்டிக்காரர். எனக்குக் கல்லடியில யாரு? இந்த மிக்சர்.

கேம் வாய் திறந்து சொல்லித்தருமா? தராது. எல்லாம் ஃபிரேம் கணக்கு. தடுத்த பிறகு எதிராளி 10 ஃபிரேம் பிந்துவான் எண்டா, 10 ஃபிரேம்ல போற சின்னக் குத்து அவனுக்குக் கட்டாயம் விழும். அவ்வளவுதான் வித்தை. இந்தக் கணக்கைத் திரையில காட்டுறதுக்கு டெக்கன் 7ல, 2020ல, தனியாக் காசு வாங்கினாங்க! பிள்ளையைச் சோதனை மண்டபத்துல இருத்திட்டுப் பாடப்புத்தகத்தை வாசல்ல விக்கிற வேலை. 8ல சும்மா தாறாங்களாம், பெரிய தர்மம்.

சனத்துக்கு ஒண்டும் சொல்லாம விடுறது இந்தத் தொழில்ல பரம்பரை வியாதி. 1995 மே மாசம் கேம் பெட்டி செய்யிற சேகா மேடையில ஏறி, “எங்கட புதுப் பெட்டி சற்றர்ன் இண்டைக்கே கடையில இருக்கு” எண்டுது. செப்டெம்பர்ல வரும் எண்டு சொல்லி வச்ச சாமான். கேம் செய்றவங்க செப்டெம்பருக்கெண்டு செய்துகொண்டிருக்காங்க. பெட்டி கிடைக்காத கடைக்காரர் கோவிச்சுக்கொண்டு முகத்தைத் திருப்பிட்டாங்க. விலை 399 டொலர். பிளேஸ்டேஷன் விக்க வந்த சோனிக்காரர் மேடையில ஏறினார், “299” எண்டார், இறங்கினார். முடிஞ்சுது அலுவல்.

அந்தப் பாவத்தை மறுகா சேகாட அடுத்த பெட்டி ட்ரீம்காஸ்ட் சுமந்துது. சோல்கலிபர் மாதிரி ஒரு சண்டைக் கேம் இருந்தும், டிவிடி போடுற பிளேஸ்டேஷன் 2 வருதாம் எண்டு சனம் காசைக் கையில பொத்திக்கொண்டு இருந்துட்டுது. 2001ல சேகா பெட்டி செய்யிற கடையைக் கட்டிட்டுது. நின்டெண்டோ மட்டும் திறமா? 10 கோடிக்கு மேல வித்த ‘வீ’ எண்ட பெட்டிக்குப் பிறகு, 2012ல கொண்டுவந்த புதுசுக்கு ‘வீ யூ’ எண்டு பேர் வச்சுது. பழைய ‘வீ’க்குப் பூட்டுற ஏதோ தட்டாக்கும் எண்டு நினைச்சு ஆக்கள் திரும்பியும் பாக்கல்ல. 1 கோடி 35 லட்சத்தோட படுத்துது. பெட்டி செய்யத் தெரியுது, இது என்ன பெட்டி எண்டு சொல்ல மட்டும் வாய் வருதில்ல.

குசினிக்குள்ள இருந்து தங்கச்சி சிரிக்கிறா. “சின்னப் புள்ளயோடயா அண்ணே போட்டி?” சிரி. இன்னும் சிரி. எனக்கே சிரிப்பு வருது, இப்ப அவன் கொன்ட்ரோலரை மடியில வச்சுட்டு ஒத்தைக் கையால விளையாடுறான்.

அதை விடுங்க. ஓட்டோவில பாண் விக்கிற இந்தச் சூன் பாண்காரரை என்ன செய்யிற? ஒழுங்கையே அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு வாறார். படலையைத் திறந்து “நில்லுங்க, நில்லுங்க” எண்டு தொண்டை கிழியக் கத்தினா, அவர்ட பாட்டு அவர்ட காதையே அடைச்சுப்போட்டுது. முனையில போய்த்தான் நிண்டார். வேர்க்க விறுவிறுக்க ஓடினா மீன் வச்ச மாலு பாண் முடிஞ்சுதாம். யாவாரத்துக்கு வாறாரா, ஊருக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட வாறாரா?