இனிஷல் எண்டா சும்மா ஒரு எழுத்து இல்ல

சனிக்கிழமை விழாவுக்கு எங்கட சந்தியில கட்டியிருக்கிற பனரைப் பற்றித்தான் சொல்லுறன். பேராசிரியர் வி. செல்வநாயகத்தின்ர பேருக்கு மேல தந்தை செல்வான்ர படம். படம் மாறினது கூட எனக்குப் பெரிசில்ல, சொன்னாப்பிறகு "பேர் ஒண்டுதானே அண்ணை, விடுங்கோ" எண்டிச்சினம் பாருங்கோ, அதுதான் ரெண்டு நாளா நித்திரையில்லை.

பேர் ஒண்டு, ஆள் ஒண்டில்ல. தந்தை செல்வா எண்டுற எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898இல மலாயாவில ஈப்போவில பிறந்தவர், வழக்கறிஞர், 1949இல தமிழரசுக் கட்சிய தொடங்கினவர். மற்றவர், வி. செல்வநாயகம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில தமிழ் படிப்பிச்சவர், ஏ.எல் (உயர்தரச் சோதினை) தமிழ் எடுத்த ஆக்களக் கேளுங்கோ, அவர் எழுதின தமிழ் இலக்கிய வரலாற்றத் தொடாமல் ஆர் சோதினைக்குப் போனது?

ஞானப்பிரகாசர் எண்டு சொல்லிப்பாருங்கோ. ஒருத்தர் பறங்கியர் (போர்த்துக்கேயர்) மாடு கேட்டாங்கள் எண்டு ஊரையே விட்டுட்டு இந்தியாவுக்குப் போய் சிதம்பரத்தில குளம் வெட்டின சைவர் எண்டு சொல்லுவினம், மற்றவர் 1875இல மானிப்பாயில பிறந்து நல்லூரில இருந்து தமிழ்ச் சொல்லுகளின்ர வேர் தேடின கத்தோலிக்கச் சுவாமி. இவையள மாத்தி வைச்சா சும்மா இருப்பியளோ?

எங்கட வன்னிக்கே வாறன். 1947இல வவுனியா எம்பியா வந்த கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். என்ர மருமகன் பள்ளிக்கூட ஒப்படைக்கு அவற்ர படத்த இனிஷல் இல்லாமத் தேடி, கட்டபொம்மன்ர தளபதி சுந்தரலிங்கம் வாளோட நிக்கிற படத்த ஒட்டிக்கொண்டு போனவன். அவன் சின்னப்பிள்ளை, திருத்தினன், திருத்திட்டான். வளந்த ஆக்களுக்குச் சொன்னாத்தான் கோவம் வருது.

"பிள்ளையள் செய்த வேலை, மனம் நோகப் பண்ணாதேங்கோ" எண்டு ஒராள். சரி, அது ஞாயம்தான், பிள்ளையளின்ர பேர் நான் எங்கயும் சொல்லேல்ல. "குளத்தில தண்ணியில்ல, ரோட்டில்ல, உமக்குப் பனரோ" எண்டு இன்னொராள். தண்ணிக்கும் நான்தான் கடிதம் எழுதினனான், அப்ப நீங்கள் எங்க நிண்டனியள்?

இது எனக்கு ஏன் இப்பிடிச் சுடுது எண்டு சொல்லுறன். 2009இல போர் முடிஞ்சு முகாமில இருக்கேக்க அப்பான்ர பேரில இன்னொருத்தர் பக்கத்துக் கூடாரத்தில இருந்தவர். அப்பாக்கு முன்னால 'க', அவருக்குச் 'ச'. ஒரு நாள் ஸ்பீக்கரில பேர் சொல்லிக் கூப்பிட்டவை, உங்களப் பாக்க மகன் வந்திருக்கிறார் எண்டு. இனிஷல் சொல்லேல்ல. பெரியண்ணா அப்ப எங்க எண்டே தெரியாது எங்களுக்கு. அப்பா சேட்டுப் பொத்தான மாறிப் பூட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நீளமாத் தொங்கத் தொங்க, ஒரு கால்ச் செருப்போட ஓடினவர். கம்பிக்கு அங்கால நிண்டது மற்றவற்ர மகன்.

திரும்பி வந்து கூடார வாசலில இருந்தவர், சேட்டக் கழட்டேல்ல, பொத்தானையும் சரி பண்ணேல்ல. "பேர் என்ரதான், பிள்ளை என்ர இல்ல" எண்டு மட்டும் சொன்னவர். பிறகு சாகும் வரைக்கும் எந்தக் கந்தோரில பேர் கேட்டாலும் முதல் 'க' எண்டு சொல்லி, எழுதினாப்பிறகுதான் மிச்சத்தச் சொல்லுவார்.

'பேர் ஒண்டுதானே' எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ.

பனர் இன்னும் சந்தியில தொங்குது. விழா சனிக்கிழமை. புதுசா பிரிண்ட் அடிக்கிற காசு நான் தாறன், ஏணி பிடிக்கவும் வாறன், படத்த மாத்துங்கோ.