ப்ராம்ப்ட் பிடிஎஃப் வாங்காதீர்கள்

சாட்ஜிபிடி போன்ற ஏஐ-யிடம் கேட்பதற்கு ஆயிரம் ப்ராம்ப்ட் (நாம் அதற்கு எழுதும் கட்டளை) அடங்கிய பிடிஎஃப் என்று விற்கிறார்களே, தயவுசெய்து அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ‘நீ உலகப் புகழ்பெற்ற வழக்கறிஞர்’ என்று தொடங்கும் வரியை யாரும் எழுதலாம். உங்கள் தெருவில் என்ன நடந்தது என்பது அந்த பிடிஎஃப்பில் இருக்காது. ஏஐ-க்கு வேண்டியதே அதுதான்.

வேளச்சேரியில் ஒரு தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இதுபற்றி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு எழுதிக் கொடு’ என்று ஏஐ-யிடம் மட்டும் கேட்டால், பார்வைக்கு லட்சணமாக ஒரு மனு வரும். உள்ளே ‘ஏன் முடிக்கவில்லை? யார் பொறுப்பு?’ என்று கேள்விகள் இருக்கும். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடிவது அலுவலகப் பதிவில் இருப்பதை. காரணம் கேட்டால் ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, இல்லாத அரசாணை எண் ஒன்றும் செருகப்பட்டிருக்கலாம். நாம் காலியாக விட்ட இடத்தை, அங்கே வழக்கமாக வரக்கூடிய சொற்களைப் போட்டு நிரப்புவது ஏஐ-யின் இயல்பு.

அதையே இப்படிக் கேளுங்கள்:

‘பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி. பிரிவு 6(1)-இன் கீழ் மனு. இன்ன தெருவில், இன்ன கதவு எண் முதல் இன்ன கதவு எண் வரை நடந்த வடிகால் பணி. காலம்: 2024 ஏப்ரல் முதல் இன்று வரை. பணி ஆணை, மதிப்பீடு, எம்-புக் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகல்களை மட்டும் கேள். ஒரு பக்கத்துக்குள் முடி. நான் தராத எண், தேதி, சட்டப்பிரிவு எதையும் சேர்க்காதே. தெரியாத இடத்தில் கோடு போட்டு விடு.’

அந்தக் கடைசி இரண்டு வரிகளையும் எந்த ப்ராம்ப்டிலும் சேர்க்க மறக்காதீர்கள். என்ன தகவல் தர வேண்டும் என்றே தெரியவில்லையா? ‘எழுதுவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியதை 5 கேள்விகளாகக் கேள்’ என்று தொடங்குங்கள்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சம்ப் கழுவும் நாளைச் சொல்ல ஓர் அறிவிப்பு கேட்டால், மேடைத் தமிழில் ‘அன்பார்ந்த குடியிருப்போரே’ என்று எழுதும். ‘எளிமையாக எழுது’ என்றாலும் பெரிதாக மாறாது, ஏனென்றால் எளிமை என்பதற்கு அதனிடம் அளவுகோல் இல்லை. குரூப்பில் ஏற்கெனவே போட்ட பழைய அறிவிப்பு இரண்டை ஒட்டி, ‘இதே நடையில்’ என்று சொல்லுங்கள். ஓரிரு மாதிரி காட்டினாலே இந்த மாடல்கள் வேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பதை 2020-இல் வந்த, ஜிபிடி-3 என்ற ஏஐ மாடலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையே விரிவாகக் காட்டியது. கூடவே, படிப்பவரை ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

நீளமான ஆவணம் என்றால் ஆவணத்தை மேலே ஒட்டி, கேள்வியைக் கீழே கேளுங்கள். பேச்சு நீண்டு குழம்பினால் புது சாட் திறந்துவிடுவது நல்லது.

பதில் வந்ததும் ‘இது சரியா?’ என்று கேட்பதால் பயனில்லை. சரியான பதிலைக்கூட மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடலாம். ‘ஒவ்வொரு வரியும் நான் தந்த எந்தத் தகவலிலிருந்து வந்தது என்று காட்டு’ என்று கேளுங்கள். ஆதாரமில்லாத வரிகள் பெரும்பாலும் அகப்படும். ஆதார் எண், போன் நம்பர், வீட்டு முகவரி மூன்றையும் அங்கே தட்டச்சு செய்யாதீர்கள். மனுவை பிரிண்ட் எடுத்த பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.